பன்னிரண்டாம் இலக்க நாடா

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குண்டசாலை மருந்துக் களஞ்சியத்தின் கணினி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கணினிப் பகுதிக்குப் பொறுப்பான பஹீம். அவர் அலவத்துகொடை வீட்டிலிருந்து பகல் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தவர். களஞ்சிய மேற்பார்வையாளர் கிறேஸ். நுவரெலியாவுக்கு லொறி கொண்டுபோக வேண்டிய சாரதி ஸிபான். பஹீமுக்குக் கீழே வேலை பார்க்கும் லோஜினி. ஐந்தாவது ஆள் லோஜினியின் தகப்பனார் ராஜலிங்கம். அதே அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓய்வு பெற்றவர். வேறு எவரும் இல்லை. விற்பனைப் பகுதி நிரஞ்சன் அங்கே இருக்கவில்லை. அவர் அன்றைக்குக் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காலை பதினொன்றரைக்கு லோஜினியின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டும். பன்னிரண்டே கால் ஆகியும் வரவில்லை.

மஹியாவையில் இருந்த வீட்டின் முன்னறையில் அவள் கைபேசியைக் குப்புற வைப்பதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி குப்புற வைப்பதுமாக இருந்தாள். எதிரில் இருந்த கதிரையில் ராஜலிங்கம் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஒரே பக்கத்தை முக்கால் மணித்தியாலமாகப் பிடித்திருந்தார்.

"கோழி ஆறுது. யாராச்சும் சாப்பிட வர்றீங்களா, இல்ல பூனைக்கு வைக்கவா?" என்று தாய் அழகம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் லோஜினி.

"நேரமெடுக்குதாயிருக்கும்" என்றார் ராஜலிங்கம்.

"மூணு தடவ வச்சுப் பார்த்தேன்ப்பா. மூணு தடவையும் மூணே முக்கா மணித்தியாலம். ஒரு நிமிஷம் கூடக் கொறைய இல்ல."

அவர் பேப்பரை மடித்தார். மடிப்பு நேராக வரவில்லை. மறுபடி விரித்து மடித்தார்.

விஷயம் இதுதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கும் பார்மசிகளுக்கும் மருந்து அனுப்பும் கம்பனி அது. எந்த மருந்து, எந்தத் தொகுதி, எப்போது காலாவதி, எந்த ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனது என்பதெல்லாம் ஓர் அலுமாரி அளவுள்ள ஒரே இயந்திரத்துக்குள் இருந்தது. தயாரித்தவர்கள் அதற்கு எத்தனை தடவை பெயர் மாற்றினாலும் இந்தக் கம்பனியில் அதற்குப் பெயர் பழையபடி 'போர் ஹன்றட்', நானூறு. மாதத்தில் கடைசி ஞாயிறு அதன் உடம்பிலுள்ள அனைத்தையும் ஒரு காந்த நாடாவில் பிரதி எடுப்பார்கள். தகவல்களை மட்டுமல்ல, இயந்திரம் இயங்கும் முறையையும் சேர்த்து முழுதாக. அதற்கு எல்லோரையும் வெளியே அனுப்பி, வலையமைப்பை அறுத்து, இயந்திரத்தை ஒரே ஒரு திரையோடு தனிமையில் விட வேண்டும். அந்தத் தனிமையில் அது வெளியே யாரோடும் பேசாது. அதனிடம் யாரும் பேசவும் முடியாது, அதே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாலன்றி.

முப்பத்தொரு வருடம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் ராஜலிங்கம். லோஜினி அந்த ஞாயிறுகளை இயந்திரத்திடமே ஒப்படைக்க ஒரு நிரல் எழுதினாள். காலை ஏழே முக்காலுக்கு அது தானே ஆட்களை வெளியேற்றும், தானே பிரதி எடுக்கும், தானே எழும்பி, எழும்பியதும் அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சித்தாள். அறைக்குள் ஆளே இல்லாமல் நடக்கும் முதல் ஞாயிறு இது.

ராஜலிங்கத்துக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. நல்ல வேலை என்று அவரே பஹீமிடம் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்தது பயம். லோஜினி அந்தக் கம்பனிக்குப் பரீட்சை எழுதி, அறுபது பேரில் முதலாவதாக வந்து சேர்ந்தவள். ஆனாலும் சேர்ந்த அன்றைக்கே நிரஞ்சன், "அப்பா கோட்டாவில வந்த பிள்ள" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னது ராஜலிங்கத்தின் காதுக்கு வந்தது. நிரஞ்சனின் மச்சானும் அதே பரீட்சை எழுதியவன். அன்றிலிருந்து மகள் விடும் ஒரு சிறு பிழைகூட ஊர்வலம் போகும் என்று அவருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அந்தக் கம்பனியில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவர். 'ராஜலிங்கம் விட்ட பிழை' என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டாமல் வேலைக்குப் போனதில்லை. அந்தப் பேர் இப்போது அவள் தோளில் இருந்தது.

பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை வீட்டில் எவருக்கும் அவர் சொல்லவில்லை.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று லோஜினி எழும்பினாள். "பஹீம் சேருக்கு கோல் எடுத்துட்டேன். வர்றாராம்."

"நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குப்பா? மொத நாளே அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டான்னு நாளைக்குப் பேசுவாங்க."

"இரண்டு பேர் இல்லாம கதவு தொறக்கப்படாது. பஹீம் வர்ற வரைக்கும் வெளிய தனியா நிப்பியா?"

அது அவரே எழுதிய விதி. விடுமுறை நாளில் கணினி அறையை ஒற்றை ஆள் திறக்கக் கூடாது. அவருடைய கையெழுத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், இன்றைக்கும் கதவுப் பக்கத்தில் தொங்குகிறது.

இருவரும் ஒரு த்ரீவீலில் ஏறினார்கள். கண்டி நகரத்தில் ஞாயிறு நெரிசல். வாவிக் கரையில் பத்து நிமிடம் நின்றார்கள். ராஜலிங்கத்தின் கண் மீற்றரில் இருந்தது. அவர் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை. லோஜினி குடையை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். கொடுக்கப் போனார். வாயிற்காவலருக்கு அவரைத் தெரியாதா? "யன்ன மஹத்தயா" என்று சிங்களத்தில் உள்ளே போகச் சொல்லிக் கதவைத் திறந்து விட்டார். மேலே போனால் லோஜினி கிறேஸோடு குளிரறையில் இருந்தாள். பஹீம் தொழுகைக்குப் போயிருந்தார். கணினி அறைச் சாவி பஹீமின் மேசையில் கிடந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் உள்ளே போனார். ஒற்றை ஆளாக, தன் விதிக்கு முன்னால், ஈரக் குடையோடு.

நாடா இயந்திரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான நாடா ஏற்கனவே ஏற்றப்பட்டிருந்தது. வெளியே தெரிந்த ஓரத்தில் ஏழு என்ற இலக்கம்.

ஏழு. அவர் குனிந்து மறுபடி பார்த்தார். ஏழாம் இலக்க நாடா அவர் காலத்தில் இரண்டு தடவை வாசிப்புப் பிழை தந்தது. வேண்டாத நாடா என்று ஒதுக்கி வைத்திருந்தார். பிள்ளைக்கு இது தெரியாது. ஆளில்லாத முதல் ஞாயிறு, பிழை வரும் நாடா. சொல்லலாம். ஆனால் எப்படிச் சொல்வது? 'அப்பா வந்து அறைக்குள்ள பார்த்துத் திருத்தினார்' என்று யாராவது கேட்டால் அவளுக்குத்தானே அவமானம்? சத்தமில்லாமல் செய்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இரும்பு அலுமாரியைத் திறந்தார். அவர் காலத்தில் எழுதிய நாடாக்களில் ஒட்டிய வில்லையில் அவர் எழுத்திலேயே விபரம் இருக்கும். எழுதாத வில்லை என்றால் வெற்று நாடா. பன்னிரண்டாம் இலக்கத்தின் வில்லை சுத்தமாக இருந்தது. அதை எடுத்து ஏற்றினார். ஏழாம் இலக்கத்தை அலுமாரியின் அடித்தட்டில், பழைய கையேடுகளுக்குப் பின்னால் வைத்தார். குடையை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

இப்போது த்ரீவீலுக்குள் உட்கார்ந்து, நாடா மாறியதற்கும் செய்தி வராததற்கும் சம்பந்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெற்று நாடாதானே. வெற்று நாடா என்ன செய்யும்?

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பஹீம் மோட்டார் சைக்கிளில் களஞ்சியத்துக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே, "அஸ்ஸலாமு... ஆ, ஐயாவும் வந்தீக்கிறா?" என்றார். அவர் ராஜலிங்கத்திடம் வேலை பழகி மேலே வந்தவர். அந்த மரியாதையை விட்டதில்லை. "புரியாணிய வாயில வைக்கக்குள்ள கோல் வருது. உம்மா செல்றா, போன்ல ஈக்கிறவங்களயும் சாப்பிட கூப்பிடு மகன்டு."

கதவுக்கு முன்னால் கிறேஸ் காத்திருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ஒரு கத்தைத் தாள். பூசை முடிந்து நேரே களஞ்சியத்துக்கு வந்தவர்.

"பஹீம், எனக்கு நாலு மணிக்கு லொறி வெளிக்கிடணும். இன்சுலின். குளிர்ப்பெட்டி ஐஸ் எல்லாம் ரெடி. தொகுதி இலக்கம் போட்ட துண்டு இல்லாம ஒரு குப்பி வெளிய போக ஏலாது, ஒங்களுக்குத் தெரியும்."

"வருது அக்கா, வருது."

"காலையில பதினொன்றரைக்கு வரும்னீங்க."

அவருக்குப் பின்னால் சாரதி ஸிபான் சுவரில் சாய்ந்து நின்றார். "நாலுக்குப் போகாட்டி ரம்பொடையில பனிமூட்டம் புடிச்சிடும், சேர். நான் ஊர்ந்து போனா ஆறு மணித்தியாலம். ஐஸுக்கு அவ்வளவு பொறும இல்ல."

பஹீம் கதவைத் திறந்தார். ஐந்து பேரும் உள்ளே போனார்கள். குளிரூட்டியின் காற்று முகத்தில் அடித்தது. இயந்திரம் எப்போதும் போல் முனகிக்கொண்டிருந்தது; அதைக் கேட்டதும் லோஜினியின் தோள் ஒரு விரற்கடை இறங்கியதை ராஜலிங்கம் கண்டார். செத்துப் போகவில்லை.

ஒற்றைத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது. லோஜினி குனிந்து வாசித்தாள்.

"பன்னிரண்டாம் இலக்க நாடாவில அழிக்கக் கூடாத கோப்பு இருக்குதாம்." இன்னும் கிட்டக் குனிந்தாள். "என்ன செய்யட்டும்னு கேக்குது. காலையில ஏழு நாப்பத்தெட்டுக்குக் கேட்டிருக்கு."

"அப்ப ஆறு மணித்தியாலமா கேட்டுக் கேட்டு நிக்குதா?" என்றார் கிறேஸ். "எங்க வீட்டு மனுசன் மாதிரி இல்ல இது. அவர் ரெண்டாந்தரம் கேக்கவே மாட்டார்."

ஸிபான் மட்டும் சிரித்தார்.

"பதில் என்ன குடுக்கலாம்?" என்று பஹீம் கேட்டார். அவருக்கே தெரியும். ஆனாலும் கேட்டார்.

"ரெண்டுதான். 'சி' குடுத்தா வேலைய நிறுத்தும். நிரல் எல்லாத்தையும் மறுபடி எழுப்பும், நாப்பது நிமிஷம். 'ஐ' குடுத்தா அந்தக் கோப்பக் கணக்கெடுக்காம மேல எழுதும். மூணே முக்கா மணித்தியாலம்."

"அப்ப 'ஐ' சரிவராது. லொறி..."

"இல்ல சேர். 'சி' குடுத்தா இந்த மாசம் பிரதி இல்ல. நாளைக்குக் காலையில கொழும்பு ஓடிட்காரங்க வர்றாங்க, பிரதி எங்கன்னு கேப்பாங்க. 'ஐ' குடுத்துட்டு, துண்டைக் கையால எழுத அனுமதி வாங்கலாமா?" அவள் கிறேஸைப் பார்த்தாள். கிறேஸ் தலையசைத்தார், முடியும் என்றுமில்லை, முடியாது என்றுமில்லை.

"பன்னிரண்டுல என்ன ஈக்குது?" என்றார் பஹீம்.

லோஜினி குனிந்து நாடா இயந்திரத்தைப் பார்த்தாள்; ஓரத்தில் பன்னிரண்டுதான் தெரிந்தது. எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்ற பதிவேடு இயந்திரத்துக்குள் இருந்தது. இயந்திரமோ இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை வேறெதையும் காட்டாது. வில்லையில் எழுதும் வழக்கத்தை அவள் விட்டிருந்தாள். மை அழியும், கையெழுத்து மாறும், பதிவேடு மாறாது என்பது அவளுடைய நியாயம். நல்ல நியாயம்தான்.

"நான் ஏழத்தானே போட்டேன்?" என்று அவள் மெல்லக் கேட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, தன்னிடமே கேட்டாள். "வெள்ளிக்கெழம காலையில... ஏழு. அதுக்கப்புறம் கிறேஸ் அக்கா கூப்பிட்டாங்க. ஏழா, பன்னிரண்டா... பக்கத்துப் பக்கத்துத் தட்டு."

ராஜலிங்கத்தின் காதுக்குள் இயந்திரத்தின் முனகல் பெரிதாகியது.

"பரீட்சார்த்தப் பிரதி ஏதாச்சுமா இருக்கும்" என்றார் பஹீம். "நீங்க மூணு தடவ எடுத்தீங்கதானே. அதுல ஒண்டு. 'ஐ' குடுங்க மகள். இன்னும் யோசிச்சா மணி மூணு."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தாறு.

"அழிக்கக் கூடாதுன்னு நான் சும்மா போட மாட்டேன், சேர்." அவள் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். "ஆனா மாத்திப் போட்டதும் நான்தான் போல. என் பிழைதான். நாளைக்கு எழுத்துல தர்றேன்."

என் பிழைதான். எவ்வளவு இலகுவாகச் சொன்னாள்! செய்யாத பிழையை. சொன்னால் என்ன ஆகும் என்று ராஜலிங்கத்தின் மனம் கணப்பொழுதில் ஓடிப் பார்த்தது. ஓய்வு பெற்ற மனுசன், அனுமதி இல்லாமல், ஒற்றை ஆளாக, சாவியை எடுத்து உள்ளே போனார். கிறேஸ் நிற்கிறார். ஸிபான் நிற்கிறார். ஸிபானுக்குத் தெரிந்தால் ரம்பொடைக் கடையிலிருந்து ஹக்கலை வரை தெரியும். முப்பத்தொரு வருடம் ஒரே வரியில் போய்விடும். சொல்லாவிட்டால்? அழிக்க மனமில்லாமல் 'சி' கொடுப்பாள், லொறி போகும், பிரதி தவறிய ஞாயிறு அவள் பெயரில் நிற்கும். சின்னப் பிழை. இளம் பிள்ளை. மன்னித்து விடுவார்கள். நிரஞ்சனைத் தவிர.

ஆனால் லோஜினியின் விரல் 'ஐ' எழுத்தின் மேல் போய் நின்றது.

"கைய எடும்மா" என்றார் ராஜலிங்கம்.

நால்வரும் திரும்பினார்கள். அவருடைய குரல் அந்த அறைக்குப் பழக்கமான பழைய குரலாக வந்துவிட்டது. அவரே திடுக்கிட்டார்.

"நீ ஏழத்தான் போட்ட. நான்தான் மாத்தினேன்."

"என்ன?"

"வெள்ளிக்கெழம குடை கொண்டு வந்தேன்ல, அப்ப. ஏழு கெட்ட நாடா. என் காலத்துல ரெண்டு தடவ பிழை குடுத்துச்சு. அதான் எடுத்துட்டு, எழுதாத நாடா ஒண்ணப் போட்டேன். ஏழு கீழ்த்தட்டுல, புத்தகத்துக்குப் பின்னால இருக்கு."

ஸிபான் சுவரை விட்டு நிமிர்ந்து நின்றார். பஹீம் தன் மேசைச் சாவி இருந்த இடத்தை நினைத்துப் பார்ப்பவர் போலக் கண்ணை மூடித் திறந்தார்.

லோஜினி தகப்பனைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது அதைவிட மோசமான ஒன்று.

"அப்பா" என்றாள். "பழைய ஏழ நான் வந்த வருஷமே வீசிட்டேன். இது புது ஏழு. போன வருஷம் வாங்கினது."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியது நிற்காமல் நாலைந்து தடவை ஆடியது.

அவள் அதற்கு மேல் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி 'சி' எழுத்தைத் தட்டினாள். திரை கறுத்தது. பிறகு ஒவ்வொரு வரியாக ஓடத் தொடங்கியது. அந்த நாற்பது நிமிடத்தில் ராஜலிங்கம் சுவரோடு நின்றார். பஹீம் கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க ஐயா" என்றார். அவர் இருக்கவில்லை. ஒரு வேளை எழும்பாவிட்டால்? நிறுத்தியதில் ஏதாவது உடைந்திருந்தால்? வரிகள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. அரை நிமிடம் ஒன்றும் அசையவில்லை. கிறேஸ் சிலுவையை விரலால் பிடித்தார். பிறகு ஓடியது. மூன்று பத்துக்கு லோஜினியின் பையிலிருந்த கைபேசி சத்தமிட்டது. எழும்பிவிட்டேன் என்று இயந்திரம் அனுப்பிய செய்தி. 'பிரதி எடுக்கப்படவில்லை' என்றும் அதில் இருந்தது.

கிறேஸ் துண்டுகளை அச்சிட ஓடினார். லோஜினி முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்தாள். பன்னிரண்டு என்று தேடினாள்.

மார்ச் மாத வருட முடிவுப் பிரதி. எந்தத் தொகுதி மருந்து எந்த வாட்டுக்குப் போனதென்று, ஒரு மருந்தைத் திருப்பி அழைக்க நேர்ந்தால் தேட வேண்டிய வரலாறு முழுதும் அதில்தான். ஒருபோதும் அழிக்கக் கூடாது என்று அவளே குறித்திருந்தாள். அடுத்த வாரம் வெளியே பாதுகாப்பு இடத்துக்குப் போக வேண்டிய ஒற்றைப் பிரதி.

பஹீம் அதை இரண்டு தடவை வாசித்தார். "நான் 'ஐ' குடுக்கச் சென்னேன்" என்றார் கடைசியில். "யா அல்லாஹ். நான்தான் சென்னேன்."

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லொறி வாயிலைத் தாண்டியது. போகும்போது ஸிபான் தலையை வெளியே நீட்டி, "ஐயா, அடுத்த முற குடையக் காவலர்ட்டயே குடுங்க!" என்று கத்தினார். கிறேஸ் "போய்யா, ரோட்டப் பார்த்து ஓட்டு" என்று திட்டினார்.

மேலே பஹீம் சம்பவப் புத்தகத்தைத் திறந்தார். கணினி அறையில் எது தவறினாலும் அன்றைக்கே அதில் எழுதி, இருந்தவர்களின் பெயரையும் போட வேண்டும். அதுவும் ராஜலிங்கம் கொண்டு வந்த வழக்கம்தான்.

"ஐயா, உங்கட பேர் தேவல்ல" என்றார் பஹீம் தாழ்ந்த குரலில். "'நாடா மாறி ஏற்றப்பட்டிருந்தது, திருத்தப்பட்டது.' அவ்வளவுதான். யார் எண்டு யாரும் கேக்க மாட்டாங்க. மானேஜ்மண்ட் மூணாவது வரி வாசிக்கிறதே இல்ல."

தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடந்தது. ஆள் பெயர் இல்லாத ஒரு வரி. அவர் பேர் தப்பும். பிறகு ஒரு திங்கட்கிழமை யாராவது அந்த வரியை வாசித்து, அன்றைக்குப் பொறுப்பு யார் என்று பக்கத்துப் பத்தியைப் பார்ப்பார்கள். அங்கே லோஜினியின் பெயர் இருக்கும். பெயர் இல்லாத பிழை பக்கத்தில் நிற்பவர் மேல் போய் உட்காரும்.

"பேனையத் தாங்க" என்றார்.

எழுதினார். தன் வழக்கமான நிமிர்ந்த எழுத்தில். வெள்ளிக்கிழமை பி.ப. 4.10 மணிக்கு ஓய்வுபெற்ற அலுவலர் ரா. ராஜலிங்கம் அனுமதியின்றித் தனியே அறைக்குள் நுழைந்து, ஏழாம் இலக்க நாடாவை எடுத்துப் பன்னிரண்டாம் இலக்க நாடாவை ஏற்றினார். வேறெவருக்கும் இதில் பங்கில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இனி இவர் இவ்வறைக்குள் அனுமதிக்கப்படலாகாது. கையெழுத்திட்டார்.

"ரெண்டாவது வரிய நான் எழுதச் செல்லல்லயே" என்றார் பஹீம்.

"நான் இருந்தப்ப இப்பிடி ஒருத்தன் செஞ்சிருந்தா நான் எழுதியிருப்பேன்."

லோஜினி புத்தகத்தை வாங்கி வாசித்தாள். "வேறெவருக்கும் பங்கில்லைங்கிறது சரியில்லப்பா. ஆள்கள வெளியேத்த முன்னாடி எந்த நாடா இருக்குன்னு பார்க்க நான் நிரல்ல ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல்ல." அவள் அவருடைய கையெழுத்துக்குக் கீழே அதையும் எழுதி, தன் பெயரைப் போட்டாள். ராஜலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. தடுக்க வாய் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அது அவருடைய பார்வைதான்.

பத்து நிமிடத்தில் அந்த விடுபட்ட வரியை நிரலில் சேர்த்தாள். சரியான நாடாவா என்று பார்க்காமல் இனி அது ஒருவரையும் வெளியேற்றாது. முதலில் வேண்டுமென்றே பிழையான நாடா ஒன்றை ஏற்றிச் சோதித்தாள். இயந்திரம் மறுத்து, கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. பிறகு ஏழாம் இலக்கத்தை ஏற்றினாள். மணி நாலு நாற்பது.

"ஐயா" என்றார் பஹீம், முகத்தை வைத்திருந்த விதத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. "ஞாயித்துக்கெழம நாலரைல இருந்து ஆறு வரைக்கும் உங்கட ராகு காலமே. முப்பது வருசமா அந்த நேரத்துல ஒரு பட்டனத் தொட விடல்ல நீங்க. தொடங்கவா, ஆறு மணி வரைக்கும் இருப்பமா?"

"அவ வேலை. அவளக் கேளுங்க."

"ராகுவுக்குத்தான் இந்த அறைக்குள்ள வர அனுமதி இல்லையே" என்றாள் லோஜினி, சிரிக்காமல். தட்டிவிட்டாள்.

அறையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள். முடியும்வரை பக்கத்திலேயே உட்காரலாம் என்று ராஜலிங்கம் சொல்லவில்லை. அவருக்கு மிகவும் ஆசையாக இருந்தது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெல்தெனியப் பக்கத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மகாவலிப் பாலம் தாண்டியதும், முகத்தைத் திருப்பாமலே, "சொல்லாம இருந்திருந்தா நான் அமுக்கியிருப்பேன்ப்பா" என்றாள். அவர் "தெரியும்" என்றார். வீடு வரும்வரை அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அழகம்மா மூன்றாவது தடவையாகக் கோழியைச் சூடாக்கிய நேரம், எட்டு முப்பத்தொன்றுக்கு, கைபேசி சத்தமிட்டது. லோஜினி வாசித்தாள். பிறகு கைபேசியை மேசையில் வைத்தாள், குப்புற வைக்காமல்.

இப்போது கம்பனியில் ஒரு கதை நடமாடுகிறது. லோஜினி தவறான எழுத்தைத் தட்டி ஒரு வருடத்துத் தகவலை அழித்துவிட்டாளாம். தகப்பன் ஓடி வந்து பஹீமின் காலில் விழுந்து விஷயத்தை மூடிவிட்டாராம். சொல்கிறவர் நிரஞ்சன்; பக்கத்தில் நின்று கண்டவர் போலச் சொல்கிறார்.

ஒரு எழுத்தும் அழியவில்லை. பன்னிரண்டாம் இலக்க நாடா முழுதாக இருக்கிறது. நுவரெலியாவுக்கு இன்சுலின் நேரத்துக்குப் போனது. யாரும் யாருடைய காலிலும் விழவில்லை, எதையும் மூடவுமில்லை. சம்பவப் புத்தகத்தில் ஐந்து பேரின் கையெழுத்தோடு எழுதியிருக்கிறது, ஸிபானின் கையெழுத்து திங்கட்கிழமை திரும்பி வந்த பிறகு வாங்கியது. நாடாவை மாற்றியவர் ராஜலிங்கம். நிரஞ்சன் கெலிஓயாவில் இருந்தார்.